விளையாட்டுக் கருவி கணினியோடு பேசிய வரலாறு



கடையில் ஒரு பொருளை விலை கொடுத்து வாங்குகிறோம். வீட்டுக்குக் கொண்டு வந்த பிறகு அதை எப்படிப் பயன்படுத்துவது என்பது நம் விருப்பம். பால்மாவு டின்னில் பூச்செடி நடுகிறோம். பழைய கதவை மேசையாக்கிக் கொள்கிறோம். யாரும் வந்து தடுப்பதில்லை. ஆனால், மின்னணுக் கருவிகளின் கதை வேறு. அவை எந்த மொழியில் பேசுகின்றன என்பதை அவற்றைச் செய்தவர்களே அறிவார்கள். அந்த மொழி நமக்குத் தெரியாதவரை, நம் கையில் இருக்கும் பொருளானாலும் செய்தவர் வகுத்த வேலையைத்தான் அது செய்யும். அப்படிப்பட்ட ஒரு விளையாட்டுக் கருவியின் மொழியை உலகின் பல மூலைகளில் இருந்த ஆர்வலர்கள் சேர்ந்து கற்று, அதைச் சில வரி நிரல் கொண்டு கணினியோடு பேச வைத்த வரலாற்றைத்தான் இன்றைய உரையில் காணப் போகிறோம்.

நிண்டெண்டோ என்னும் பெயரை நம் பிள்ளைகள் நன்கு அறிவார்கள். ஜப்பானில் கியோத்தோ நகரில் 1889-ஆம் ஆண்டு புசாஜிரோ யமாவுச்சி என்பவர் தொடங்கிய நிறுவனம் அது. பூக்களின் படங்கள் வரைந்த ஹனபுடா என்னும் சீட்டுக்கட்டுகளைச் செய்து விற்பதே அதன் முதல் தொழில். சீட்டிலிருந்து பொம்மைக்கும், பொம்மையிலிருந்து மின்னணு விளையாட்டுக்கும் அது வளர்ந்தது.

2005-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் தோக்கியோவில் நடந்த விளையாட்டுக் கண்காட்சியில், அந்நிறுவனத்தின் அன்றைய தலைவர் சத்தோரு இவாத்தா ஒரு புதுவகைக் கைக்கருவியை அறிமுகப்படுத்தினார். பார்ப்பதற்குத் தொலைக்காட்சியின் ரிமோட் போலவே இருந்தது. அதைக் கையில் பிடித்து மட்டை வீசுவதுபோல் வீசினால் திரையில் பந்து பறக்கும். சாய்த்தால் திரையில் உள்ள வண்டி திரும்பும். 'வீ' என்று பெயரிடப்பட்ட அந்த விளையாட்டுப் பெட்டி, 2006-ஆம் ஆண்டு நவம்பர் 19-ஆம் நாள் அமெரிக்காவிலும், டிசம்பர் 2-ஆம் நாள் ஜப்பானிலும் விற்பனைக்கு வந்தது. பத்துக் கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகள் பின்னாளில் விற்றுத் தீர்ந்தன. விளையாட்டு வேகத்தில் ரிமோட் கை நழுவிப் பறந்ததும் உண்டு. அதனால் அந்த டிசம்பரிலேயே 32 இலட்சம் மணிக்கட்டு வார்களுக்குப் பதிலாக உறுதியான வார்களைக் கொடுப்பதாக நிறுவனம் அறிவிக்க வேண்டியதாயிற்று.

உடல் அசைவால் இயக்கும் கருவி என்பது அன்று முற்றிலும் புதிய எண்ணமன்று. 1989-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் மாட்டெல் நிறுவனம், நிண்டெண்டோவின் பழைய விளையாட்டுப் பெட்டிக்காக 'பவர் குளோவ்' என்னும் கையுறையை விற்றது. விரல் மடங்குவதை அது உணரும். காதுக்குக் கேட்காத மிகையொலியைக் கொண்டு கை இருக்கும் இடத்தை அறியும். ஆய்வுக்கூடங்களில் அதையொத்த கையுறைகள் ஆயிரக்கணக்கான டாலர் விலையில் இருந்த காலத்தில், இது 100 டாலருக்குள் கிடைத்தது. விளையாட்டுக்கு அது பெரிதாகப் பயன்படவில்லை. ஆனால், ஆர்வலர்கள் அதை விடவில்லை. கணினியில் அச்சுப்பொறியை இணைக்கும் துளையில் அந்தக் கையுறையை இணைக்கும் வழியை 1990-இல் 'பைட்' என்னும் கணினி இதழ் வெளியிட்டது. விலை மலிந்த விளையாட்டுப் பொருள் ஒன்றை ஆய்வுக் கருவியாக்கும் வழக்கம் அப்போதே வேரூன்றிவிட்டது.

இனி, வீ ரிமோட்டின் உள்ளே இருப்பது என்ன என்று பார்ப்போம். மூன்று பகுதிகளைத் தெரிந்துகொண்டால் போதும்.

முதலாவது, முடுக்கமானி. நாம் பேருந்தில் நின்றபடி செல்கிறோம். ஓட்டுநர் திடீரென்று பிரேக்கை அழுத்தினால் முன்னால் சாய்கிறோம். வேகமாகக் கிளப்பினால் பின்னால் சாய்கிறோம். கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும், நம் உடல் சாயும் அளவைக் கொண்டே வண்டியின் வேகம் எப்படி மாறுகிறது என்று சொல்லிவிடலாம். அந்த நின்ற பயணியைச் சிலிக்கனில் செய்து ஒரு சிறு சில்லுக்குள் வைத்தால் அதுவே முடுக்கமானி. நுண்ணிய வில்களில் தாங்கப்பட்ட சிறு எடை ஒன்று அதனுள் இருக்கிறது. அது அசையும்போது அருகில் உள்ள தகடுகளுக்கும் அதற்கும் இடைப்பட்ட மின்தேக்கம் மாறுகிறது. அந்த மாற்றமே அளவாகிறது. வீ ரிமோட்டில் பொருத்தப்பட்டது அனலாக் டிவைசஸ் நிறுவனத்தின் சில்லு. நீளமும் அகலமும் 4 மில்லிமீட்டர்தான். மூன்று திசைகளிலும், புவியீர்ப்பைப் போல் மூன்று மடங்கு வரை அது அளக்கும்.

இரண்டாவது, ரிமோட்டின் முனையில் இருக்கும் அகச்சிவப்புக் கேமரா. நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை மட்டும் அது பார்க்கும். ஒரே சமயத்தில் நான்கு ஒளிப்புள்ளிகள் வரை எந்தெந்த இடத்தில் இருக்கின்றன என்று சொல்லும். தொலைக்காட்சியின் மேலோ கீழோ வைக்கும் நீண்ட பட்டையை 'உணர்வுப் பட்டை' என்று பெயரிட்டு விற்றார்கள். உண்மையில் அந்தப் பட்டை எதையும் உணர்வதில்லை! அதன் இரு முனைகளிலும் இருப்பவை அகச்சிவப்பு விளக்குகள் மட்டுமே. அதில் உள்ள கம்பி மின்சாரம் கொண்டு செல்வதற்கே அன்றிச் செய்தி கொண்டு செல்வதற்கன்று. அதனால்தான், பட்டை பழுதானால் அதன் இடத்தில் இரண்டு மெழுகுவர்த்திகளை ஏற்றி வைத்தாலும் ரிமோட் ஒழுங்காக வேலை செய்தது. மெழுகுவர்த்திச் சுடரிலும் அகச்சிவப்பு ஒளி உண்டல்லவா?

மூன்றாவது, புளூடூத் என்னும் வானலைத் தொடர்பு. பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹரால்டு என்னும் அரசரின் பட்டப் பெயர் அது. சிதறிக் கிடந்த மக்களை அவர் ஒன்றுசேர்த்ததுபோல், வெவ்வேறு கருவிகளை ஒன்றுசேர்க்கும் முறை என்பதற்காக அப்பெயரை வைத்தார்கள். சுவீடனின் எரிக்சன் நிறுவனத்தில் 1994-இல் தொடங்கிய இந்த முயற்சி, 1998-இல் பல நிறுவனங்கள் கூடிய பொதுமுறையாக மலர்ந்தது.

நம் வரலாறு உண்மையில் தொடங்குவது இந்த மூன்றாவது பகுதியில்தான். நிண்டெண்டோ தனக்கென ஓர் இரகசிய வானலை முறையை உருவாக்கியிருக்கலாம். அவ்வாறு செய்யாமல், எல்லாரும் பயன்படுத்தும் புளூடூத்தையே எடுத்துக்கொண்டது. அதிலும், விசைப்பலகையும் எலியும் கணினியோடு பேசுவதற்கென்று வகுக்கப்பட்ட பொதுமுறையையே ரிமோட்டுக்கும் வைத்தது. எனவே, 2006-ஆம் ஆண்டு இறுதியில் ரிமோட்டை வாங்கிய ஆர்வலர்கள் அதில் 1, 2 என்னும் இரு பொத்தான்களையும் சேர்த்து அழுத்தியபோது, அருகில் இருந்த சாதாரணக் கணினியின் புளூடூத் அதைக் கண்டுகொண்டது. 'நிண்டெண்டோ ஆர்விஎல் சிஎன்டி 01' என்று தன் பெயரையும் அது சொன்னது. அந்த விளையாட்டுப் பெட்டிக்கு முதலில் வைத்திருந்த மறைபெயர் 'ரெவல்யூஷன்'. அதன் சுருக்கமே ஆர்விஎல்.

கதவு திறந்திருந்தது; ஆனால், உள்ளே பேசிய மொழி புரியவில்லை. ரிமோட் அனுப்பும் எண்களின் பொருள் என்ன என்று நிறுவனம் பொதுமக்களுக்குச் சொல்லவில்லை. அப்போது ஆர்வலர்கள் கையாண்ட முறை, பழைய கல்வெட்டைப் படிக்க முயலும் அறிஞரின் முறையைப் போன்றது. ஒரு பொத்தானை மட்டும் அழுத்து; வரும் எண்களில் எது மாறுகிறது என்று பார்; எழுதி வை. அடுத்த பொத்தானை அழுத்து; மறுபடியும் பார். ரிமோட்டை மெல்லச் சாய்; எந்த எண் ஏறுகிறது, எது இறங்குகிறது என்று குறித்துக்கொள். ஒருவர் கண்டதை இன்னொருவர் சரிபார்த்தார்; தவறு இருந்தால் திருத்தினார். சில வாரங்களிலேயே பெரும்பகுதி வெளிச்சத்துக்கு வந்துவிட்டது.

அவர்கள் கண்டது இதுதான். ரிமோட்டுக்கும் கணினிக்கும் இடையே இரண்டு வாய்க்கால்கள் உண்டு. 17-ஆம் எண் வாய்க்கால் கட்டளைக்கு. 19-ஆம் எண் வாய்க்கால் தகவலுக்கு. முதலில் ரிமோட் பொத்தான்களின் நிலையை மட்டுமே சொல்லும். 'முடுக்கத்தையும் சொல்' என்று கணினி கேட்டால்தான் அதையும் சேர்த்துச் சொல்லும். அப்படிக் கேட்ட பிறகு வரும் ஒவ்வொரு செய்தியிலும் தலைப்பை அடுத்து இரண்டு பைட்டுகளில் பொத்தான்கள். அதன் பின் மூன்று பைட்டுகளில் மூன்று திசைகளின் முடுக்கம். பைட் ஒன்றின் மதிப்பு 0 முதல் 255 வரை இருக்கலாம். அசைவற்ற திசையில் ஏறக்குறைய நடுவில் நிற்கும் எண், ரிமோட்டைச் சாய்த்தால் நகரும். இத்தகைய செய்திகள் நொடிக்கு 100 வரை வரக்கூடும். ரிமோட்டில் உள்ள நான்கு சிறு விளக்குகளையும் கணினி ஏற்றலாம். 16 என்று அனுப்பினால் முதல் விளக்கு. 32 என்றால் இரண்டாவது. 64 என்றால் மூன்றாவது. 128 என்றால் நான்காவது. முதல் இரண்டும் சேர்ந்து எரிய வேண்டுமானால் 16-ஐயும் 32-ஐயும் கூட்டி 48 என்று அனுப்பினால் போதும்.

எண்களின் பொருள் தெரிந்தது. ஆனால், ஒவ்வொரு முறையும் இந்த எண்களோடு மல்லாட எல்லாராலும் முடியுமா? இங்கேதான் ஸ்கிரிப்ட் மொழிகள் கைகொடுத்தன. இயந்திரத்தின் அடிமட்டம் வரை சென்று வேலை செய்யும் சி போன்ற நிரல்மொழிகள் வலிமை மிக்கவை. ஆனால், கற்கவும் எழுதவும் நேரம் பிடிப்பவை. ஸ்கிரிப்ட் மொழிகளோ, ஏற்கெனவே செய்து வைத்த பாகங்களை ஒட்டும் பசை போன்றவை. 1987-இல் லாரி வால் வெளியிட்ட பெர்ல், 1988-இல் ஜான் ஆஸ்டர்ஹௌட் உருவாக்கிய டிசிஎல், 1991-இல் நெதர்லாந்தின் குய்டோ வான் ரோசம் வெளியிட்ட பைத்தன் ஆகியவை இவ்வகையின. வலிமையான பாகங்களை ஒரு மொழியில் செய்வது, அவற்றை ஒட்டும் வேலையை எளிய மொழியில் செய்வது என்னும் இந்தப் பங்கீட்டை ஆஸ்டர்ஹௌட் 1998-இல் எழுதிய கட்டுரை ஒன்றில் தெளிவாக விளக்கினார்.

வீ ரிமோட்டுக்கு நடந்ததும் அதுவே. விண்டோஸ் கணினிகளில் 'குளோவ்பை' என்னும் மென்பொருள் புகழ்பெற்றது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த கார்ல் கென்னர் அதனைப் பி5 என்னும் விளையாட்டுக் கையுறைக்காக முதலில் எழுதினார். வீ வந்ததும் அதற்கும் இடம் கொடுத்தார். அதற்கென்றே ஓர் எளிய ஸ்கிரிப்ட் மொழி இருந்தது. 'எலியின் இடப் பொத்தான் என்பது ரிமோட்டின் ஏ பொத்தான்' என்னும் பொருள்பட ஒரே ஒரு வரி எழுதினால் போதும்; ரிமோட்டின் பொத்தானை அழுத்தினால் கணினி அதை எலியின் சொடுக்காகவே எடுத்துக்கொள்ளும்.

லினக்ஸ் கணினிகளுக்கு, டோனி ஸ்மித் என்பவர் எழுதிய 'சிவிட்' என்னும் நிரல் தொகுப்பு 2007-இல் பரவியது. புளூடூத் செய்திகளை வாங்கிப் பிரிக்கும் கடின வேலை சி மொழியில் நடந்தது. அதற்கு மேல் பைத்தன் மொழியில் ஒரு வாசல் வைக்கப்பட்டிருந்தது. அந்த வாசல் வழியே நுழைபவர் எழுத வேண்டியவை நான்கே வரிகள்தாம். தொகுப்பைக் கொண்டு வா என்பது முதல் வரி. ரிமோட்டைக் கண்டு இணை என்பது இரண்டாம் வரி; இந்த நேரத்தில் 1, 2 பொத்தான்களை அழுத்த வேண்டும். முடுக்கத்தைச் சொல்லச் சொல் என்பது மூன்றாம் வரி. இப்போதைய நிலையை எழுதிக் காட்டு என்பது நான்காம் வரி. பள்ளி மாணவர் ஒருவர் ஒரு மாலைப் பொழுதில் செய்து பார்க்கக்கூடிய வேலையாக அது எளிதாகிவிட்டது.

ஆனால் நேயர்களே, கருவி சொல்வதை அப்படியே நம்பிவிட முடியாது. செய்து பார்த்தவர்கள் விரைவில் ஒரு பாடம் கற்றார்கள். முடுக்கத்தைக் கூட்டிக்கொண்டே போனால் வேகம் கிடைக்கும். வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால் தூரம் கிடைக்கும் என்று பள்ளியில் படிக்கிறோம். அப்படியானால் ரிமோட் அறையில் எங்கே இருக்கிறது என்றும் கண்டுபிடிக்கலாம் அல்லவா? கணக்கு சரிதான், அளவில்தான் சிக்கல். முடுக்கமானி புவியீர்ப்பில் நூற்றில் ஒரு பங்கு மட்டுமே தவறு செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சிறு தவறு கூடிக் கூடி, பத்தே நொடிகளில் ஏறக்குறைய 5 மீட்டர் பிழையாகிவிடும். மேசைமேல் அசையாமல் கிடக்கும் ரிமோட், அடுத்த அறைக்குப் போய்விட்டதாகக் கணினி சொல்லும்! அது மட்டுமன்று, புவியீர்ப்பையும் கை வீச்சையும் முடுக்கமானியால் பிரித்தறிய இயலாது. செங்குத்து அச்சைச் சுற்றி இடப்புறமோ வலப்புறமோ மெல்லத் திருப்பினால் அது உணர்வதே இல்லை. இந்தக் குறையைப் போக்கவே 2009-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 'மோஷன் பிளஸ்' என்னும் துணைக்கருவி வந்தது. சுழற்சியை அளக்கும் சுழல்மானி அதில் இருந்தது.

குறைகளை அறிந்து பயன்படுத்தியவர்கள் அரிய பயன் கண்டார்கள். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த ஜானி லீ, ரிமோட்டை ஓரிடத்தில் அசையாமல் வைத்து, அகச்சிவப்பு விளக்கை அசையவிட்டார். கண்ணாடியின் இரு பக்கமும் விளக்குகளைப் பொருத்தி அணிந்துகொண்டால், தலை நகர்வதற்கேற்பத் திரைக்காட்சியும் மாறியது. பேனா முனையில் ஒரு விளக்கை வைத்தால், சாதாரணச் சுவரே எழுதக்கூடிய மின்னணுப் பலகையாயிற்று. அன்று ரிமோட்டின் விலை 40 டாலர். கடையில் விற்ற மின்னணுப் பலகையின் விலையோ ஆயிரம் டாலருக்கு மேல். 2007-இல் அவர் வெளியிட்ட செயல்விளக்கங்களைக் கண்ட ஆசிரியர்கள் பலர், தம் வகுப்பறைகளிலும் அவ்வாறே செய்து பார்த்தார்கள்.

அதே நிறுவனம் 2007-ஆம் ஆண்டு இறுதியில் ஜப்பானில் விற்கத் தொடங்கிய நிறைப்பலகையின் பயன் இன்னும் பெரிது. நான்கு மூலைகளிலும் எடையுணரிகள் கொண்ட அந்தப் பலகையும் ரிமோட்டின் மொழியையே பேசியது. அதன்மேல் ஒருவர் நின்றால், உடல் எந்தப் பக்கம் எவ்வளவு சாய்கிறது என்று கணினி சொல்லிவிடும். முதியோர் தடுக்கி விழுவது எத்தனை குடும்பங்களை அலைக்கழிக்கிறது என்பதை நாம் அறிவோம். நிற்கும் நிலைப்பாட்டை அளக்க மருத்துவ ஆய்வுக்கூடங்களில் இருக்கும் கருவி பல ஆயிரம் டாலர் பெறும். 2010-ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் ஆய்வாளர்கள் அக்கருவியையும் இந்த விளையாட்டுப் பலகையையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நிலைப்பாட்டை அளப்பதற்கு மலிவான பலகையும் நம்பத்தக்கதே என்று கண்டு எழுதினார்கள். பலகையின் மொழி வெளியில் தெரியாதிருந்தால் அத்தகைய ஒப்பீட்டுக்கே இடம் இருந்திருக்காது.

இந்த வெற்றி மற்ற கருவிகளுக்கும் வழிகாட்டியது. மைக்ரோசாப்ட் நிறுவனம் 2010-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் நாள், கையில் எதுவும் பிடிக்காமலே உடலசைவை அறியும் 'கினெக்ட்' என்னும் கருவியை வெளியிட்டது. அன்றே அமெரிக்காவின் அடாஃபுரூட் நிறுவனம், அதைக் கணினியோடு இணைக்கும் நிரலை முதலில் எழுதி எல்லாருக்கும் திறந்து வைப்பவருக்குப் பரிசு தருவதாக அறிவித்தது. 1,000 டாலரில் தொடங்கிய பரிசு 3,000 டாலர் வரை உயர்ந்தது. ஒரு வாரம் முடிவதற்குள், நவம்பர் 10-ஆம் நாள், ஸ்பெயின் நாட்டின் ஹெக்டர் மார்ட்டின் அதை வென்றார். முதலில் முகம் சுளித்த மைக்ரோசாப்ட், 2011-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் கினெக்ட்டைக் கணினியில் பயன்படுத்துவதற்கான நிரல் தொகுப்பைத் தானே வெளியிட்டது. மறைப்பதைவிடத் திறந்து வைப்பதே இலாபம் என்பதை அந்நிறுவனமும் உணர்ந்தது எனலாம்.

எல்லாக் கருவிகளுக்கும் முதுமை உண்டு. வீ பெட்டியின் உற்பத்தி ஜப்பானில் 2013-இல் நின்றது. அதை அறிமுகப்படுத்திய இவாத்தா 2015-இல் காலமானார். மென்பொருளுக்கும் முதுமை உண்டு. சிவிட் தொகுப்பு பைத்தனின் இரண்டாம் தலைமுறைக்காக எழுதப்பட்டது. அத்தலைமுறைக்கான ஆதரவு 2020-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளோடு முடிந்தது. அன்று நான்கு வரியில் நடந்த வேலை, புதிய கணினியில் அப்படியே நடப்பதில்லை.

ஆயினும் ரிமோட் ஊமையாகிவிடவில்லை. ஏன்? அதன் மொழி ஒருவர் மனத்தில் மட்டும் தங்கிவிடவில்லை. எந்த எண்ணுக்கு என்ன பொருள் என்பதை ஆர்வலர்கள் எல்லாரும் படிக்கும்படி எழுதி வைத்தார்கள். அந்த அறிவைக் கொண்டு டேவிட் ஹெர்மன் எழுதிய இணைப்பு நிரல், 2011-இல் லினக்ஸின் உட்கருவிலேயே சேர்ந்துவிட்டது. 17, 19 என்னும் இரண்டு வாய்க்கால்களையும் அறிந்தவர், இன்றைய பைத்தனிலும் சில பத்து வரிகளில் புதிதாக எழுதிக்கொள்ளலாம். தொகுப்புகள் வரும், போகும்; எழுதி வைத்த விளக்கம் நிலைக்கும்.

நேயர்களே, நம் வீடுகளிலும் பழைய மின்னணுப் பொருள்கள் பெட்டிக்குள் உறங்கிக் கிடக்கலாம். அவற்றைக் குப்பையில் போடும் முன், உள்ளே என்ன இருக்கிறது, அது எப்படிப் பேசுகிறது என்று பிள்ளைகள் கேட்டால் அதட்டி அடக்காமல், கேட்கவிடுவோம். ஒரு பொத்தானை அழுத்தி, எந்த எண் மாறுகிறது என்று பார்த்துக் குறித்து வைக்கும் பொறுமைதான் இந்த வரலாற்றின் தொடக்கம். கண்டதை அடுத்தவருக்கும் சொன்ன நல்ல மனம்தான் அதை வாழ வைத்தது. இந்த இரண்டையும் நம் பிள்ளைகள் கற்றுக்கொண்டால், வாங்கிய பொருள் உண்மையிலேயே அவர்களுடையதாகும்.